எச்சில் மைக்

அன்று அங்கே இருந்தவர்கள் நான்கு பேர். ஆதிகேசவன் என்கிற நான். என் தம்பி மகள் பூமிகா. அவள் தாய் அருணா. பயிற்சி மையம் நடத்தும் லோகு. ஐந்தாவதாக ஆள் இருந்ததாகச் சொல்கிறவர்கள் யாரும் அங்கே வரவில்லை.

கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரம், பஞ்சர் கடைக்கு மேல் மாடி. பட்டப்பகல். தொழிற்சாலைக் கரி ஜன்னல் கம்பியில் பிசுபிசுவென்று படிந்திருந்தது. கண்ணாடிக் கதவு போட்ட சின்னப் பலகை அறை. அதற்குள் ஒரு கணினி, ஒரு நாற்காலி, மைக் வைத்த ஒரு ஹெட்செட்.

பூமிகா நர்சிங் முடித்தவள். அயர்லாந்தில் வேலை தயாராக இருந்தது. ஆங்கிலத்தில் பேசிக் காட்டும் ஆன்லைன் தேர்வு மட்டும் பாக்கி. வீட்டில் நன்றாகத்தான் பேசுவாள். கணினி 'பீப்' என்றதும் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். இரண்டு முறை அப்படியே தோற்றாள். இதுவும் போனால் வேலை போய்விடும். ஆனால் அவள் போவது உறுதி என்று எங்கள் ஊர் ஆரணியில் சொந்தபந்தம் எல்லோரிடமும் நான் சொல்லியாகிவிட்டது. என் வாயிலிருந்து வந்த சொல் பொய்யானதில்லை.

ஹெட்செட்டை எடுத்தவள் முகம் சுளித்தாள்.

"பெரிப்பா, மைக்கு ஈரமா இருக்குது."

நுனியிலிருந்த பஞ்சு உருண்டையைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. பல நாள் மூடிக் கிடந்த வாயின் நாற்றம். எங்கள் வீட்டில் ஒருவர் வாய் வைத்த டம்ளரை இன்னொருவர் தொடமாட்டோம். தண்ணீரை அண்ணாந்துதான் குடிப்போம். விரலை வேட்டியில் அழுத்தித் துடைத்தேன்.

"எத்தனை பேர் எச்சில் தம்பி இது?"

"இன்னா பெரியவரே, ஒரு மாசமா அத்த யாருமே தொடல. ஏசி தண்ணி சொட்டியிருக்கும்." லோகு சிரித்தான். "கோயில் சொம்பா இது, தேச்சி வெக்க?"

பிழியச் சொன்னேன். நூல் நூலாக வழிந்தது. மறுபடி பிழிந்தான். மறுபடியும் வழிந்தது.

அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"வேற மைக் எடு."

"வேற இல்ல சார். டைம் ஆயிட்ச்சு."

"மாமா, வேணாம். ஊட்டுக்குப் போயிடலாம்," என்றாள் அருணா.

பூமிகா என்னையே பார்த்தாள். "இதுல யாரோ மூச்சு வுட்டுக்கினு இருக்காங்க பெரிப்பா."

"உன் மூச்சுதான். போட்டுக்கோ. நான் ஊர்ல தலைநிமிர்ந்து நடக்கணும்."

போட்டுக்கொண்டாள். கதவு மூடியது. நாங்கள் மூவரும் கண்ணாடிக்கு வெளியே நின்றோம்.

பீப்.

பூமிகாவின் உதடுகள் இறுகி மூடின. கழுத்து நரம்பு புடைத்தது. வார்த்தை வரவில்லை.

பஞ்சு உப்பியது.

நனைந்த உதடு போல அது நடுவில் பிளந்தது.

பலகைச் சுவரைத் தாண்டி எங்களுக்குக் கேட்டது குரல். தங்குதடையில்லாத ஆங்கிலம். பெண் குரல்தான். எங்கள் பெண்ணுடையது அல்ல.

"சோனியா..." லோகு முணுமுணுத்தான். "வெளிய நல்லாப் பேசும் சார். இந்த மைக் முன்னாடிதான் வாயே தொறக்காது. நாலு வாட்டி இதே டெஸ்டுக்கு வந்துச்சு. போன மாசம் செத்துப்போச்சு."

அருணா கதவை இழுத்தாள். திறக்கவில்லை.

குரல் பேசி முடித்தது. பஞ்சிலிருந்து ஓர் எச்சில் நூல் நீண்டு பூமிகாவின் உதட்டைத் தொட்டது. உள்ளே நழுவியது.

அவள் விழுங்கினாள்.

கதவு தானாகத் திறந்தது. வெளியே வந்தவளிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். பிறந்ததிலிருந்து அண்ணாந்து குடித்தவள், என் பாட்டிலின் வாயைக் கவ்வி உறிஞ்சினாள். என்னைப் பார்த்துக்கொண்டே.

தேர்வில் பூமிகா மிக நல்ல மதிப்பெண் பெற்றாள். ஹெட்செட்டை என் கையாலேயே கொளுத்தினேன்.

அன்றிலிருந்து எங்கள் பெண் ஊமையாகிவிட்டாள் என்று ஆரணியில் ஒரு பேச்சு நடக்கிறது. அது தவறு. அவள் தினமும் பேசுகிறாள். சாப்பிடும்போது, வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு, உதட்டைத் திறக்காமல், நல்ல ஆங்கிலத்தில்.