திருப்பிக் கொடுத்த வெற்றிலை

லோகநாதன் அன்று காலை மருமகள் நீட்டிய டீயைத் தொடவில்லை.

ஏரியிலிருந்து வந்து, வலையை வேலியில் காயப்போட்டு, கால் கழுவி வாசலில் உட்கார்ந்தவர், தம்ளரை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஏ பச்ச! இந்த வூட்ல டீ போட வேற ஆளே இல்லியா?"

உள்ளே மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த பச்சையம்மாவின் கை அப்படியே நின்றது. ஏரிக்கு நடுவே இருக்கும் பசியாவரம் தீவில் அவள் கணவர் குரலுக்கு ஒரு மரியாதை உண்டு. ஏரியில் யாருக்கு எந்த நாள் வலை முறை என்று ஊர் கூடிப் பேசும்போது கடைசிச் சொல் அவருடையதாகத்தான் இருக்கும். வீட்டிலும் அப்படியே. அந்தக் குரல் உயர்ந்தால் தன் குரலைத் தாழ்த்திக்கொள்வது, கல்யாணமான நாளிலிருந்தே பச்சையம்மாவுக்குப் பழக்கம்.

"அவ போட்டா இன்னாய்யா? தெனம் அவதான போடறா…"

"தெனம் டீய மட்டும் கொதிக்க வச்சா. இன்னிக்கு என் மானத்தையும் சேத்துல்ல கொதிக்க வுட்டுக்கினு கீறா!"

மருமகள் வைஷ்ணவி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். இமை நனைந்திருந்தது. தலை மட்டும் குனியவில்லை. பொன்னேரியில் பிறந்து இந்தத் தீவுக்கு வாழ வந்தவள். வந்த புதிதில் படகில் ஏறுவதற்கே மாமியார் கையை இறுகப் பிடித்துக்கொண்டவள்.

எல்லாம் ஒரு பாட்டால் வந்த வினை.

மகன் தமிழ்வாணனுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலி வேலை. வேலை முடிந்து வந்தால், பின்கட்டு அறையில் சுற்றிலும் கம்பளியைத் தொங்கவிட்டுக்கொண்டு பாட்டுக் கட்டுவான். மைக் வாங்க வைஷ்ணவி தன் வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் பாடியதைக் கம்ப்யூட்டரில் கோத்துச் சீராக்கியதும், எழுதியவர் யார், இசை யார் என்று முறையாகப் பதிந்து இணையத்தில் ஏற்றியதும் அவள்தான். கடைசியாக ஏற்றிய இறால் பாட்டு எப்படியோ ஊரைப் பிடித்துக்கொண்டது. பழவேற்காடு பஸ்ஸில் ஒலித்தது. பொன்னேரிக் கல்யாண மண்டபங்களில் ஒலித்தது. மாதா மாதம் ஒரு தொகை வரத் தொடங்கியது. சின்னத் தொகைதான். ஆனால் நிற்காமல் வந்தது.

லோகநாதன் மட்டும் அந்தப் பாட்டைக் கேட்டதே இல்லை. "போன்ல கத்தறதெல்லாம் ஒரு பாட்டா?" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

அம்மன் திருவிழாவின்போது, சென்னையிலிருந்து ஒரு பாட்டுக் கம்பெனியின் ஆளாகத் தீனா என்பவன் வந்தான். சினிமாவில் போடுவதற்காகப் பாட்டை மொத்தமாக வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். அந்தப் பணத்தில் ஒரு ஃபைபர் படகு வரும். மகன் இனிமேல் பிறத்தியார் வாசலில் கூலிக்கு நிற்க வேண்டாம்… லோகநாதனின் மனசு அதைத்தான் நினைத்தது. தமிழ்வாணன் அப்போது வேலையில் இருந்தான். அவனை ஒரு வார்த்தை கேட்காமலே, கோயில் வாசலில் ஊர் பார்க்க, தீனா நீட்டிய வெற்றிலை பாக்கை அவர் வாங்கிவிட்டார்.

படகு விற்றாலும் பெண் கொடுத்தாலும், அந்த ஊரில் வெற்றிலை கை மாறினால் பேச்சு முடிந்தது. திருப்பித் தர நினைப்பவன் ஏரியில் முழுகி எழுந்து, ஈரத்தோடு, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஊர் முன்னால் நிற்க வேண்டும். லோகநாதன் குடும்பத்தில் அப்படி யாரும் நின்றதில்லை. மற்றவர்களை நிற்க வைத்த குடும்பம் அது!

இன்று தீனா பத்திரத்தோடு வருகிறான். வைஷ்ணவியோ, கையெழுத்துப் போடக் கூடாது என்று கணவனிடம் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாள்.

"நைனா… அவ சொல்றதுல ஞாயம் கீது" என்று தமிழ்வாணன் மெதுவாக ஆரம்பித்தான்.

"இன்னா ஞாயம்? அவளையே சொல்லச் சொல்லு, கேப்போம்!"

வைஷ்ணவி கதவோரம் வந்து நின்றாள். "மாமா, மொத்தமா எழுதிக் குடுத்துட்டா அது அப்புறம் நம்முளுது இல்ல. மாசாமாசம் வர்றது நின்னுடும். நாளைக்கு இவரு மேடையில பாடணும்னாலும் அவங்களக் கேக்கணும். சினிமாவுல வேணும்னா வச்சிக்கட்டும். ஒரு படத்துக்கு, ரெண்டு வருசத்துக்குன்னு எழுதி, இவரு பேரப் போட்டு, வாடகை மாதிரி குடுக்கட்டும். விக்க வேணாம்னுதான் சொல்றேன்…"

"பாட்டுக்கு வாடகையா? நீ இன்னா வூடா கட்டி வுட்டுக்கீற!" லோகநாதன் எழுந்துவிட்டார். "மொத்தமா வந்தா படகு வரும். எம்மவன் எங்கூட ஏரியில இருப்பான். மாசாமாசம் வந்தா உங்கைக்கு வரும். அதான உன் கணக்கு? பேராசைம்மா உனக்கு… பேராசை!"

"மாமா!"

"வாக்கு தப்ப வைக்கிற மருமவள வூட்ல வச்சிக்கினு நான் எப்டி ஊருல தல நிமிந்து நடப்பேன்?"

தமிழ்வாணன் அப்பாவையும் பார்த்தான், மனைவியையும் பார்த்தான். பிறகு, யாரையும் பார்க்காமல் அந்தச் சொல்லைச் சொன்னான். "வைஷு… நீ கொஞ்ச நாளு பொன்னேரியில இருந்துட்டு வாயேன்…"

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வைஷ்ணவியின் தலை குனிந்தது.

பின்கட்டு அறையில் அவள் துணிகளை மடித்துப் பையில் வைக்க, பச்சையம்மா எதிரே வந்து நின்றாள்.

"நான் சொல்லிடறேண்டி…"

"வேணாம் அத்த. உங்க தலமேல சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன். இப்ப சொன்னா மாமாவோட கோவம் உங்கமேல திரும்பும்."

"எம்மேல திரும்பாத கோவமா? எனக்கு அது கஞ்சித் தண்ணி மாதிரி!"

அழுகைக்கு நடுவே வைஷ்ணவி சிரித்துவிட்டாள். மறு நிமிடம் மாமியாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். போன மழைக்காலத்தில் வைஷ்ணவி பழவேற்காடு மீன் மார்க்கெட்டுக்கு மாமியாரோடு போனபோது, பச்சையம்மா கூவி இறால் விற்பதைப் போனில் பிடித்துவிட்டாள். வீட்டுக்குள் முனகக்கூடப் பயப்படுகிற பெண்ணுக்குள்ளிருந்து இப்படி ஒரு குரலா! தமிழ்வாணன் அந்தக் கூவலைச் சுற்றித்தான் பாட்டையே கட்டினான். பாட்டைக் கேட்ட பச்சையம்மாவுக்கு வெலவெலத்துவிட்டது. 'லோகநாதன் பொண்டாட்டி பாடறா' என்று ஊர் பேசினால் அவர் தாங்குவாரா? மருமகள் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். மார்க்கெட் பெண்களுக்குக் குரல் தெரியும். ஆனால் பச்சையம்மாவுக்காக ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

"பாட்டுல இருக்கிறது எல்லாம் அவங்களுதுன்னு அந்தப் பத்திரத்துல கீது அத்த. நாளைக்கு உங்க குரல மட்டும் வெட்டி எடுத்து ஜட்டி விளம்பரத்துல வச்சாக்கூட ஏன்னு கேக்க முடியாது. அத எப்டி நான் மாமாகிட்ட சொல்வேன்? பேராசைக்காரின்னு பேரு வாங்கினது மேலுன்னு வுட்டுட்டேன்…"

பச்சையம்மா மருமகளின் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன்னுடைய ஒரு பயத்துக்காக இந்தப் பெண் வீட்டையே விட்டுப் போகிறாளா?

வெளியே படகு கரை தட்டும் சத்தம் கேட்டது.

தீனா வந்து பாயில் உட்கார்ந்தான். மரியாதையான பையன்தான். பத்திரத்தைப் பிரித்து, தமிழ்வாணன் முன்னால் வைத்து, பேனாவை நீட்டினான். வைஷ்ணவி தோளில் பையோடு வாசற்படி இறங்கினாள். தமிழ்வாணன் பேனாவை வாங்கினான்.

"இரு!"

அது பச்சையம்மாவின் குரல். பழவேற்காடு மார்க்கெட்டில் இந்தக் கோடியில் கூவினால் அந்தக் கோடியில் கேட்கும் குரல். அந்த வீட்டுக்குள் அது ஒலித்தது அன்றுதான் முதல் தடவை. லோகநாதன் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"இன்னாமே?"

"விக்கிற சரக்க ஒரு தபா பாத்துட்டு வில்லுய்யா! கெண்டையா கெளுத்தியான்னு பாக்காமலே வெத்தல வாங்கிக்கினு வந்துக்கீற. டேய் தமிழு, அந்தப் பாட்ட வைடா!"

"அம்மா… வேணாம்மா…"

"வைடான்னா!"

பாட்டு ஆரம்பித்தது. முதலில் தண்ணீர்ச் சத்தம். அதன்மேல் ஒரு பெண் குரல், கரகரப்பாக, நீளமாக…

வாங்கம்மா வாங்க… விடியக்கால இறா…
என் வூட்டுக்காரன் தூங்காம புடிச்சாந்த இறா…
இடுப்புத் தண்ணியில நின்ன மனுசன்…
இன்னும் தல தொவட்டலியே…

லோகநாதன் அசையவில்லை. கூடை சுமந்து மார்க்கெட்டுக்குப் போவது பெண்கள் வேலை. அவர் அந்தப் பக்கம் போனதே இல்லை. அங்கே தன் மனைவி என்ன சொல்லிக் கூவுகிறாள் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. தினமும் தன்னைச் சொல்லித்தான் மீன் விற்றிருக்கிறாள்!

"இது… நீயா பச்ச?"

"நான்தான்யா. உனக்குப் பயந்துக்கினு நான்தான் மறைக்கச் சொன்னேன். என் குரல விக்கக் கூடாதுன்னுதான் இவ முட்டிக்கினு நின்னா. என்ன வுட்டுக் குடுக்காம பேராசைக்காரின்னு பட்டம் வாங்கிக்கினா…" பச்சையம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

லோகநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு தீனாவைக் கேட்டார்.

"தம்பி, இந்தக் குரலும் பத்திரத்துல சேத்தியா?"

"பாட்டுல இருக்கிற எல்லாமே சேர்த்திதான் ஐயா. தனியா எடுத்தும் யூஸ் பண்ணிக்கலாம்."

"எதுக்கு?"

"எதுக்கு வேணாலும்… அது கம்பெனி இஷ்டம்."

"எத்தினி காலத்துக்கு?"

"நிரந்தரமா ஐயா. வித்த பொருள்தானே?"

"ஏரியில என் வலை முறைய ஒரு சீசனுக்கு அடுத்தவனுக்கு வுட்டுத் தருவேன் தம்பி. பங்கு குடுப்பான். சீசன் முடிஞ்சா முறை எனக்கே வந்துரும். இதுவரைக்கும் எவனும் நெரந்தரமா குடுன்னு கேட்டதில்ல. கேக்கிற தைரியம் எவனுக்கும் இல்ல." அவர் முதுகு நிமிர்ந்தது. "இது என் வூட்டுக்காரி."

சாமி மாடத்தில் வைத்திருந்த வெற்றிலையை எடுத்தார். காய்ந்து சருகாகியிருந்தது. மகன் கையிலிருந்த பேனாவை வாங்கித் தீனாவின் சட்டைப் பையிலேயே செருகிவிட்டு வெளியே நடந்தார்.

"நைனா, எங்க போற? நைனா!"

அவர் திரும்பவில்லை. ஏரியில் இறங்கி முழுகினார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அம்மன் கோயில் வாசலில் போய் நின்றார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓடிவந்தார்கள். ஊரே கூடிவிட்டது.

"வாக்கு குடுத்தேன். இன்னா குடுக்கிறேன்னு தெரியாம குடுத்தேன். எம்மவன் பொருள அவனக் கேக்காம நான் பேசினதும் தப்பு. தப்பு என்னுது. எம்மருமவளுது இல்ல. அம்மா தாயே, ஊரு பெரியவங்களே… மன்னிச்சிக்கோங்க."

வெற்றிலையை அம்மன் படியில் வைத்தார். மற்றவர்களை அங்கே நிற்க வைத்தவர், அன்று தானே நின்றார்.

பின்னாலேயே வந்திருந்த தீனா செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றான். "ஐயா… ஒரு படம், ரெண்டு வருஷம்னு ஆபீஸ்ல கேட்டுப் பார்க்கறேன். ஆனா இவ்வளவு பெரிய தொகை வராது."

"வர்றது வரட்டும். எழுதறத எம்மருமவகிட்ட படிச்சிக் காட்டு. அவ சரின்னாதான் பேனாவத் தொறக்கணும். பேரு போடற எடத்துல எல்லார் பேரும் வரணும்… வூட்டுக்காரி பேரும்."

வைஷ்ணவி இன்னும் தோளில் பையோடுதான் நின்றிருந்தாள். லோகநாதன் அவள் எதிரில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்கிற வார்த்தை, ஊர் முன்னால் வந்த அளவுக்கு மருமகள் முன்னால் எளிதாக வரவில்லை. பையை அவள் தோளிலிருந்து இறக்கித் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"காலையில வச்ச டீ ஆறிப் போயிருக்கும். வேற போடும்மா."

"மாமா…" அவள் விம்மி அழுதாள். தமிழ்வாணன் அவள் பக்கத்தில் வந்து, அவள் விரலைப் பிடித்தான். "மன்னிச்சிரு வைஷு" என்றான்.

"பொன்னேரிக்குப் போவச் சொன்னல்ல? வா, ரெண்டு பேருமா போலாம். எங்கம்மா உன்னக் கேக்க வேண்டியது நெறைய கீது!" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பச்சையம்மா கணவரின் பக்கத்தில் போனாள். ஈரம் இன்னும் அவர் நெற்றியில் வழிந்துகொண்டிருந்தது. ஊர் பார்க்கிறது என்று அவள் நினைக்கவில்லை. அவர் இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, இறுகப் பிழிந்து, அவர் தலையைத் துவட்டத் தொடங்கினாள்.

"இன்னாமே… எல்லாரும் பாக்கறாங்க…"

"பாக்கட்டும்யா. குனி."

லோகநாதன் குனிந்தார்.