பதினேழாம் பொத்தான்

"எங்க மாமனாரோட வாயை நான்தான் அடைச்சிட்டேன்னு சொல்றாங்க மேடம். அது நான் இல்லைன்னு இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

வந்தவள் இதை மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, துண்டில் சுற்றிக்கொண்டு வந்த பெட்டியை மேசைமேல் வைத்தாள். கைக்குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி வைத்தாள். மூலையில் தைத்துக்கொண்டிருந்த, கடைக்காரியின் நாத்தனார் கால் தானாகவே தையல் மெஷினின் மிதியை விட்டு இறங்கியது. பாதி தைத்த சட்டைக் கை ஊசிக்கடியில் அப்படியே நின்றது.

அந்த அறையின் ஒரு பாதி நாத்தனாரின் தையல் கடை. மறுபாதி அவளுடைய அண்ணியின் ரிப்பேர் கடை. செத்துப்போன எந்தக் கருவியைக் கொண்டுவந்தாலும் உள்ளே இருக்கும் போர்டைத் தட்டி எழுப்பி அனுப்புவதால் தெருவில் அண்ணிக்கு 'போர்டு டாக்டர்' என்று பெயர். துப்புத் துலக்குவதில் அண்ணிக்கு மூளை என்றால் தனக்கு மூக்கு என்பது நாத்தனாரின் உறுதியான எண்ணம். அந்த மூக்கு இப்போது துடித்தது.

"உட்காருங்க. முதல்லேருந்து சொல்லுங்க" என்றாள் போர்டு டாக்டர்.

வந்தவள் இரண்டு மருமகள்கள் இருக்கும் வீட்டின் சின்ன மருமகள். மாமனார் முப்பது வருஷம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். தொண்டையில் ஆபரேஷன் ஆகிப் பேச்சு போய்விட்டது. கை நடுங்குவதால் எழுதவும் முடியாது. ஆபரேஷனுக்கு முன்பே அவருடைய சின்ன மகன், அவள் கணவன், அப்பாவின் குரலில் நாற்பது வாக்கியங்களைப் பதிவு செய்துவைத்தான். லினக்ஸில் ஓடும் உள்ளங்கை அகலக் குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்றை வாங்கி அவற்றை அதில் ஏற்றினான். நாற்பது பெரிய பொத்தான்கள் கொண்ட பலகை ஒன்று அவர் மடியில் இருக்கும். பொத்தானை அழுத்தினால் அது ப்ளூடூத் வழியாகப் பெட்டிக்குச் சொல்லும், பெட்டி அவர் குரலிலேயே பேசும்.

"எங்க வீட்டுக்காரர் கப்பல் வேலைக்குப் போய் மாசம் ஒண்ணாச்சு. போன்ல பிடிக்கவே முடியறதில்ல. முதல் வாரம் நானே தனியாப் பெட்டியைப் பார்த்துக்கிட்டேன், ஒரு குறையும் வரல. அப்புறம் என் ஓரகத்தி அக்காவும் நானும் முறை போட்டுக்கிட்டோம். உள்ள ஒரு சின்ன ஃபேன் கொய்ங்னு கத்தறதால மாமாவுக்குத் தூக்கம் வராது. அதனால யார் முறையோ அவங்க ராத்திரி அணைச்சு, மறுநாள் காலையில போடுவோம். மூணு வாரமா ஒரே கதைதான். அக்கா முறைன்னா பெட்டி பேசுது, என் முறைன்னா ஊமை. பலகையோட சேரவே மாட்டேங்குது."

"திரும்ப அணைச்சுப் போட்டீங்களா?"

"பகல் பூரா போட்டாலும் வராது. சாயங்காலம் அக்கா வேலையிலேருந்து வந்து ஒரே ஒரு தடவை அணைச்சுப் போடுவாங்க. உடனே பேசும்."

"அடேங்கப்பா!" என்றாள் நாத்தனார். "உங்க அக்கா ஏதோ கைவேலை பண்றாங்க."

போர்டு டாக்டர் திரும்பிப் பார்த்த பார்வையில் நாத்தனார் வாயை மூடிக்கொண்டாள்.

சின்ன மருமகள் துண்டின் நுனியை முறுக்கினாள். "போன செவ்வாய்க்கிழமை மாமாவுக்கு மூச்சு அடைச்சிடுச்சு. கூப்பிடற பொத்தானை அழுத்தியிருக்கார், சத்தமே வரல. நான் மாடியில துணி காயப்போட்டுட்டு இருந்தேன். கீழ வந்து பார்த்தா…" அவள் பெட்டியை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். "நல்லவேளை, ஒண்ணும் ஆகல. ஆனா நான் அவர் மேல ஏதோ கோபத்துல வேணும்னே கெடுத்து வைக்கிறேன்னு வீட்டுல முடிவு கட்டிட்டாங்க. இன்னிக்குச் சாயங்காலத்துலேருந்து மாமா அறைக்குள்ள நான் காலே வைக்கக்கூடாதுன்னு அக்கா வீட்டுக்காரர், எங்க மூத்தவர், சொல்லிட்டார். மாமாவும் என் முகத்தைப் பார்க்கறதில்ல. அலமாரிப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கறார். பெட்டி பேசற நேரத்துல கூடப் பதினேழாம் பொத்தானைத்தான் திரும்பத் திரும்ப அழுத்தறார்."

"பதினேழு என்ன?"

"'விளக்கை அணைக்கவில்லையா?' நான் எல்லா விளக்கையும் அணைச்சிட்டுத்தான் மேடம் வர்றேன். அக்கா என்னடான்னா, 'பாரு, இவ லைட்டைக் கூட அணைக்கறதில்லன்னு மாமா புகார் சொல்றார்'ங்கறாங்க."

"மூணு வாரத்துக்கு முன்னால வீட்டுல வேற ஏதாவது மாறிச்சா?"

"மூத்தவர் பெரிய ஸ்பீக்கர் ஒண்ணு வாங்கிட்டு வந்தார். ஆனா அதுல குறையே இல்ல. பெட்டி பேசினா தெருமுனை வரைக்கும் கணீர்னு கேக்குது."

போர்டு டாக்டர் உடனே வேலையில் இறங்கினாள். பெட்டியை மின்சாரத்தில் சொருகினாள். கடையில் இருந்த பழைய குட்டி ஸ்பீக்கரின் மெல்லிய ஒயரை அதில் மாட்டினாள். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது, பிறகு பச்சை. பொத்தான் பலகை உடனே சேர்ந்துகொண்டது. ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினாள்.

"தயவுசெய்து மின்விசிறியின் வேகத்தைக் குறைக்கவும்" என்றது ஒரு கம்பீரமான குரல்.

நாத்தனார் எழுந்தே நின்றுவிட்டாள். "எனக்கு டிக்கெட் எடுத்துட்டு ஓடணும் போல இருக்கு அண்ணி!"

சின்ன மருமகளைத்தான் அணைத்துப் போடச் சொன்னாள் போர்டு டாக்டர். பெட்டியின் மேலிருந்த குமிழை அவள் விரலால் அழுத்திப் பிடித்தாள். பச்சை விளக்கு நிதானமாக அணையும்வரை காத்திருந்தாள். பிறகு ஒயரில் இருந்த சின்ன சுவிட்சைத் தள்ளினாள். கணவன் சொல்லிக்கொடுத்த முறை அது. எடுத்தவுடன் மின்சாரத்தைப் பிடுங்கினால் உள்ளே எழுதிவைத்ததெல்லாம் கெட்டுப்போகும் என்பான். பத்துத் தடவை அணைத்துப் போட்டாள். பத்துத் தடவையும் பெட்டி பேசியது.

"பார்த்தீங்களா? இங்க வந்ததும் நல்ல பிள்ளையாயிடுச்சு" என்று அவள் அழமாட்டாக் குறையாகச் சொன்னாள்.

"நல்லதுதான். இங்க இல்லாத ஏதோ ஒண்ணு உங்க வீட்டுல இருக்குன்னு அர்த்தம்" என்ற போர்டு டாக்டர் பெட்டியைத் தன் கம்ப்யூட்டரோடு இணைத்தாள். "ஒவ்வொரு நாளும் தான் என்ன செஞ்சோம்னு இது டைரி எழுதும். வா, நீயும் படி."

நாத்தனார் பாய்ந்து வந்தாள். பெட்டி பேசிய நாட்களில் டைரி ஒரே மாதிரி இருந்தது. போர்டு முதலில் மெதுவான வேகத்தில் ப்ளூடூத் சிப்பைக் கூப்பிட்டது. சிப் பதில் சொன்னது. போர்டு அதற்குரிய நிரலை ஊட்டியது. பிறகு இரண்டும் பேச்சு வேகத்தைப் பல மடங்கு கூட்டிக்கொண்டன. ஊமையான நாட்களில் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வந்தது: கூப்பிட்டேன், பதில் இல்லை, நேரம் முடிந்தது.

"அண்ணி! மணியைப் பாருங்க!" நாத்தனாரின் குரல் உயர்ந்தது. "காலையில போட்டதா சொல்றாங்க. இதுல ராத்திரி ஒன்பது நாற்பத்திரண்டுன்னு இருக்கு. யாரோ ராத்திரியே உள்ள பூந்து பெட்டியைப் போட்டிருக்காங்க!"

"இதுல கடிகார பேட்டரி கிடையாதும்மா. அணைச்ச நிமிஷத்தோட அதோட கடிகாரம் நின்னுடும். காலையில எழுந்து நெட்டைக் கேட்டு மணி தெரிஞ்சுக்கற வரைக்கும் அதுக்கு இன்னும் நேத்து ராத்திரிதான்."

நாத்தனாரின் திருடன் வந்த வழியே போய்விட்டான். ஆனால் அவள் விடுவதாக இல்லை. விரலை வைத்து வரிவரியாக இறங்கினாள். "அப்ப இதைப் பாருங்க. ஊமையான ஒவ்வொரு நாளுக்கும் முந்தின ராத்திரி, 'முறையாக அணைக்கப்பட்டது'ன்னு எழுதியிருக்கு. பேசின நாளுக்கு முந்தின ராத்திரியெல்லாம் டைரி பாதி வரியில அறுந்து நிக்குது. ஒழுங்காத் தூங்க வெச்சா எழுந்திருக்க மாட்டேங்குது, மண்டையில ஒண்ணு போட்டு வீழ்த்தினா துள்ளிக்கிட்டு எழுந்திருக்குது. இது என்ன கூத்து அண்ணி?"

போர்டு டாக்டர் முதல் முறையாகச் சிரித்தாள். "இன்னிக்கு உன் மூக்கு வேலை செஞ்சிருக்கு. இவங்க வீட்டுல எல்லாரும் எத்தனை மணிக்கு வருவாங்கன்னு கேளு. நாம போறோம்."

ஐந்தரை மணிக்கு மாமனாரின் அறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். கட்டிலுக்கு எதிரே அலமாரி. அதன் நடுத்தட்டில் பெட்டியும், அதைவிட மூன்று மடங்கு பெரிதாக ஒரு கறுப்பு ஸ்பீக்கரும் இருந்தன. இரண்டுக்கும் தனித்தனி பிளக். ஸ்பீக்கரிலிருந்து கட்டைவிரல் தடிமனில் ஒரு யூஎஸ்பி ஒயர் பெட்டிக்குப் போனது. சுவரில் இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு சுவிட்ச்.

"விலையைக் கேட்டீங்கன்னா மயக்கம் போட்டுடுவீங்க" என்று மூத்த மகன் ஸ்பீக்கரைத் தட்டிக்கொடுத்தார். "ஆனா, பெட்டியில குத்தமில்லன்னா ஆள்லதானே குத்தம்?"

"அதைத்தான் பார்க்க வந்திருக்கேன்" என்றாள் போர்டு டாக்டர். பெட்டியைப் போடச் சொன்னாள். அது பேசியது. "இப்ப நீங்க ராத்திரி எப்படி அணைப்பீங்களோ அப்படியே அணைங்க" என்றாள் சின்ன மருமகளிடம்.

அவள் குமிழை அழுத்தினாள். பச்சை அணையக் காத்திருந்தாள். ஒயர் சுவிட்சைத் தள்ளினாள். மீண்டும் போட்டாள். பெட்டி ஊமையாக நின்றது.

"பாருங்க!" என்றாள் மூத்த மருமகள். மருத்துவமனைச் சீட்டு கவுன்ட்டரில் நாள் முழுதும் ஆட்களை வரிசையில் நிறுத்திவிட்டு வந்தவள் அவள். குரல் இன்னும் கவுன்ட்டரிலேயே இருந்தது. "தள்ளு. இதுக்கெல்லாம் ஒரு பூஜையா? ஒரு தட்டு, வேலை முடிஞ்சது." சுவர் சுவிட்சைப் பட்டென்று தட்டினாள். ஸ்பீக்கர் 'டொப்' என்று ஒரு குண்டு போட்டது. கட்டிலில் பெரியவரின் தோள் துள்ளி அடங்கியது. அவள் மறுபடி தட்டினாள். பெட்டி எழுந்தது, பலகை சேர்ந்தது.

பெரியவர் நடுங்கும் விரலால் பதினேழை அழுத்தினார். "விளக்கை அணைக்கவில்லையா?"

நாத்தனார் சுற்றிப் பார்த்தாள். பகல் வெளிச்சம்தான் இருந்தது. எந்த விளக்கும் எரியவில்லை.

"ஐயா சொல்றது சரி" என்றாள் போர்டு டாக்டர். "ஜன்னல் திரையை இழுத்து விடு. சின்னவங்களே, இன்னொரு தடவை உங்க முறையில அணைங்க."

அறை இருண்டது. பச்சை அணைந்தது, ஒயர் சுவிட்சும் அணைந்தது. ஆனால் அலமாரியின் நடுத்தட்டில், ஊசிமுனை அளவுக்கு, பெட்டியின் சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது.

மூத்த மகன் அலமாரி அருகே போய்க் குனிந்து பார்த்தார்.

"அணைச்ச பெட்டிக்குக் கரண்ட் எங்கேருந்து வருது?" என்றார் மூத்த மகன்.

"நீங்க வாங்கின ஸ்பீக்கர்லேருந்து" என்றாள் போர்டு டாக்டர். "இது சொந்த பிளக்ல ஓடுது. இந்தத் தடி ஒயர் வழியாச் சத்தம் மட்டும் போகல, கொஞ்சம் கரண்டும் பின்பக்கமாக் கசியுது. போர்டை ஓட்ட அது பத்தாது, ஆனா ப்ளூடூத் சிப்பை விழிச்சே வெச்சிருக்கப் போதும். போர்டு ராத்திரி தூங்கிடுது. சிப் தூங்கல. நேத்துப் பேசின அதே வேகத்துலயே காத்துட்டு உட்கார்ந்திருக்கு. காலையில போர்டு எழுந்து, புதுசா ஆரம்பிக்கற மாதிரி மெதுவாக் கூப்பிடுது. ஒருத்தர் பேசற வேகம் இன்னொருத்தருக்குப் பிடிபடல. போர்டு கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ஞ்சு, ப்ளூடூத்தே இல்லன்னு விட்டுடுது. பெரிய மருமக சுவர் சுவிட்சைத் தட்டினா ஸ்பீக்கரும் சேர்ந்து சாகுது, அதோட சிப்பும் சாகுது. அதனால ரெண்டு பேரும் முதல்லேருந்து ஆரம்பிக்கறாங்க. என் கடையில அந்த ஸ்பீக்கரே இல்ல. அதான் அங்க சரியா இருந்துச்சு."

"அப்ப மாமா என் மேல கோபமாத் திரும்பிப் படுக்கல…" என்றாள் சின்ன மருமகள்.

"அந்தச் சிவப்புப் புள்ளியை ராத்திரியெல்லாம் பார்த்துட்டு இருந்தார். இந்த வீட்டுல அதைக் கவனிச்ச ஒரே சாட்சி அவர்தான். கையில இருந்த நாற்பது வாக்கியத்துல எது கிட்டத்தட்டப் பொருந்துமோ அதைச் சொல்லிப் பார்த்தார். நீங்க எல்லாரும் அதைப் புகார்னு நினைச்சீங்க."

கட்டிலில் பெரியவர் தலையை ஆட்டினார். ஒருமுறை இல்லை, நாலைந்து முறை.

"எல்லாம் சரி. இவ ஸ்பீக்கரையும் அணைச்சிருந்தா வம்பே இல்லையே?" என்றாள் மூத்த மருமகள். குரல் கவுன்ட்டரிலிருந்து இறங்கத் தொடங்கியிருந்தாலும் முழுக்க இறங்கவில்லை.

சின்ன மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அணைச்சா டொப்புனு சத்தம் போடுதுக்கா. மாமா அப்பத்தான் கண் அசந்திருப்பார். தூக்கிவாரிப் போடும். அதனால விட்டுடுவேன்."

மூத்த மருமகளின் பார்வை சுவர் சுவிட்சுக்குப் போனது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தான் தட்டிய 'டொப்'பையெல்லாம் அவள் மனதில் எண்ணுவது நாத்தனாருக்கு அப்பட்டமாகத் தெரிந்தது.

போர்டு டாக்டர் தடி ஒயரை உருவிவிட்டுப் பையிலிருந்து ஒரு மெல்லிய ஒயரை எடுத்து மாட்டினாள். சத்தம் மட்டும் போகும் சாதாரண ஒயர். சின்ன மருமகள் அவள் வழக்கப்படியே அணைத்தாள். சிவப்புப் புள்ளி அடியோடு மறைந்தது. போட்டாள். பலகை சேர்ந்தது. மறுபடி அணைத்துப் போட்டாள். சேர்ந்தது. மூன்றாம் தடவையும் அணைத்துப் போட்டாள். அப்போதும் சேர்ந்தது.

மூத்த மகன் தொண்டையைக் கனைத்தார். "இந்த அறைக்குள்ள வரக்கூடாதுன்னு நான் சொன்னது… அதை விட்டுடுங்க. யார் முறையோ அவங்க பார்க்கட்டும்" என்று ஸ்பீக்கரிடம் சொல்லிவிட்டு ஜன்னல் திரையை விலக்கப் போனார்.

பெரியவர் சின்ன மருமகளையே பார்த்தார். பிறகு பலகையில் விரலை வைத்து ஒவ்வொரு வரிசையாகத் தேடினார். கதவைச் சாத்தச் சொல்வதும், தண்ணீர் கேட்பதும், மாத்திரை நேரம் கேட்பதும் அதில் இருந்தன. குரல் இருந்த காலத்தில், மருமகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிவரும் என்று அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. விரல் கடைசி வரிசை வரை போய்த் தயங்கியது. பிறகு அழுத்தியது.

வந்த குரலில் ரயில் நிலையம் இல்லை. வீட்டுக்குள் பேசுகிற தணிந்த குரல் அது.

"சாப்பிட்டியாம்மா?"

மாலை வரை தாக்குப்பிடித்த சின்ன மருமகள் அந்தக் கேள்விக்குத் தாங்கவில்லை. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு 'இல்லை' என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"எங்க சாப்பிட்டா?" என்றாள் மூத்த மருமகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "காலையிலேருந்து பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஊரெல்லாம் அலைஞ்சிருக்கா. ஏய், அழுதது போதும், வா. தட்டு வைக்கிறேன். மேடம், நீங்களும் வாங்க. உங்க நாத்தனாரையும் கூட்டிக்கிட்டு வாங்க."

சொல்லிக்கொண்டே சின்னவளின் தோளில் கை போட்டு அழைத்துப் போனாள். போகிற வழியில் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.