கடைசியாக ஏறுகிறவர்

அன்று மாலை சாவிக்காரருக்குப் பிடரி குளிரவில்லை.

முதல் மாடித் திருப்பத்தில்தான் அதைக் கவனித்தார். முப்பத்தோரு வருடமாக, பின்னால் சுவர் இல்லாத எந்த இடத்தில் நின்றாலும், காலருக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்கு யாரோ ஈரத்துணியை வைத்தது போலச் சில்லிட்டுக்கொண்டிருக்கும். மற்றவர்களுக்கு மூக்கும் காதும் இருப்பது மாதிரி அவருக்கு அந்தக் குளிர். இன்றைக்கு அது இல்லை. முன்னால் அவர், அடுத்து மனைவி, கடைசியில் மகள் என்று மூன்று பேரும் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். முதல் ஆளாக ஏறும் அவருடைய கழுத்து வெதுவெதுப்பாக இருந்தது. அவருக்குச் சிரிப்புகூட வந்தது.

முதுகுக்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்பதுதான் அவருடைய பயம். எட்டு வயதில் வந்தது, போகவில்லை. வந்த பயம் சும்மா இருக்கவில்லை, மனிதரின் வாழ்க்கையையே இடம்பார்த்து உட்காரவைத்தது. சாவிக்கடைக்கு அவர் பிடித்த இடம் ஒரு பழைய கட்டடத்தின் சுவரில் குடைந்த பொந்து. அங்கே நாற்காலியின் முதுகு சுவரோடு ஒட்டியிருக்கும். பேருந்தில் கடைசி இருக்கை. கல்யாணப் படத்தில்கூட மாப்பிள்ளை சுவரில் சாய்ந்துதான் நிற்பார். அலுவலக வரிசையில் பின்னால் ஒருவர் வந்து நின்றால் போதும், "நீங்க போங்க சார்" என்று வழிவிட்டு விடுவார். அப்படியே வழிவிட்டு வழிவிட்டு, அலுவலகத்தை மூடும்வரை நின்றுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய நாளும் உண்டு.

குடும்பத்தோடு நடந்தாலும் அவர்தான் கடைசி. ரயிலின் கடைசிப் பெட்டியில் நிற்பவரை நினைத்துக்கொண்டு மச்சான் அவருக்கு 'கார்டு' என்று பெயர் வைத்தார். மகளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எங்கே கிளம்பினாலும், "கார்டு, கொடி காட்டு!" என்பாள். அவர் பச்சைக் கைக்குட்டையை எடுத்து ஆட்டுவார். அதற்குப் பிறகுதான் வண்டி நகரும்.

போன மாதம் ஒருநாள், தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போன மகள் நடுவில் நின்று திரும்பிப் பார்த்தாள். இரண்டடி நடந்து மறுபடியும் பார்த்தாள். பிறகு முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தாள். ஏழு வயதுப் பெண். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த சாவிக்காரருக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அப்படியொரு ஆத்திரம் அவருக்கு அதுவரை வந்ததே இல்லை.

"என்கூட எது வேணா வரட்டும். என் பொண்ணுகிட்டப் போகக் கூடாது," என்று மறுநாளே போய் மனநல மருத்துவரிடம் சொன்னார்.

"நீங்க அது சொன்னபடி கேக்கறீங்க. அதான் அது வளருது," என்றார் டாக்டரம்மா. "ஒருநாள் முதல் ஆளா நடங்க. உங்க வீட்டுக்கு ஆறு மாடி ஏறணும்னு சொன்னீங்களே, அங்கயே ஆரம்பிங்க. வீட்டுக் கதவைத் தொடுற வரைக்கும் திரும்பிப் பாக்கக் கூடாது. மனசு என்னென்னமோ சத்தம் காட்டும். நம்பாதீங்க."

சரி, ஒரு கை பார்த்துவிடலாம் என்று இன்றைக்கு இறங்கிவிட்டார். மின்தூக்கியும் மூன்று நாளாகப் பழுது. கீழே முதல் படியில் அவர் கால் வைத்ததுமே மகள் அவர் பையிலிருந்து கைக்குட்டையை உருவிக்கொண்டாள்.

"இன்னிக்கு நான்தான் கார்டு! நீ இன்ஜின். போ!"

குறுகலான படிக்கட்டு, ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். ஜன்னல் கிடையாது. ஒவ்வொரு மாடியிலும் ஒரு பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிந்து, கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். புதுச் சுண்ணாம்பின் நெடியும் யாரோ துடைத்துவிட்டுப் போன தரையின் ஈர வாசனையும் கலந்து அடித்தன. பூட்டுக்குள் ஊசிமுனை அளவு முள் நகர்வதைக் கேட்டே பிழைப்பு நடத்துகிற காது அவருடையது. மனைவியின் செருப்பு சரக் சரக் என்று வந்தது. அதற்குப் பின்னால் மகளின் பள்ளிக்கூட ஷூ, டக் டக்.

இரண்டாவது மாடியில் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"என்னங்க, ராஜா நடை நடக்கறீங்க!" என்றாள் மனைவி. அவள் குரலில் கேலி பாதி, பெருமை பாதி.

மூன்றாவது மாடியில் இன்னொரு சத்தம் சேர்ந்தது. செருப்பும் இல்லை, ஷூவும் இல்லை. வெறுங்கால். சிமெண்டுத் தரையில் ஒட்டி, உரிந்து எழுகிற உள்ளங்கால். மகளின் ஒவ்வொரு டக்குக்கும் பிறகு, மெதுவாக, ஒரு சப்.

மனசு சத்தம் காட்டும். டாக்டரம்மா சொல்லியிருந்தார். சாவிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். காட்டு. இன்னும் காட்டு. நான் திரும்ப மாட்டேன். கைப்பிடிக் கம்பியை விட்டுவிட்டு, வேண்டுமென்றே கைகளை வீசி நடந்தார்.

டக். சப். டக். சப்.

"அம்மா, கழுத்துல சில்லுனு இருக்கு," என்றாள் மகள்.

"காத்தடிக்குதுடா கண்ணு. ஏறு."

காற்றா? எங்கிருந்து வரும்? சாவிக்காரரின் கால் ஒரு படியில் தயங்கியது. தன்னையறியாமல் கை பிடரிக்குப் போனது. வெதுவெதுப்பாக இருந்தது. காய்ந்திருந்தது. முப்பத்தோரு வருடத்தில் முதல் முறையாக அங்கே யாரும் இல்லை.

குளிர் ஒழிந்துபோகவில்லை. இடம் மாறியிருக்கிறது.

கடைசியாக வருகிறவரிடம்தான் அது இருக்கும். இத்தனை காலமும் பயந்து பின்தங்கியதாக நினைத்தார். பின்தங்கி, அதை வேறு யார் பக்கமும் போகவிடாமல் தன்னிடமே வைத்திருந்திருக்கிறார்.

இல்லை. இதுவும் மனசு காட்டுகிற வேலைதான். திரும்பினால் தோற்றுப்போவேன். மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நான்காவது மாடிக்கு நாலு படி இருக்கும்போது விளக்கு அணைந்தது.

இருட்டு. செருப்பு நின்றது. ஷூ நின்றது. மற்றது மட்டும் இன்னும் ஒரு படி ஏறி, பிறகு நின்றது.

"அப்பா, ஜடையை இழுக்காதப்பா."

"அப்பா எனக்கு முன்னாடி இருக்காருடா," என்றாள் மனைவி. குரலில் இப்போது கேலி இல்லை.

"அப்ப யாரு இழுக்கறா?"

சாவிக்காரர் நாலு படியையும் இரண்டு எட்டில் தாண்டினார். சுவரைத் தடவினார். பொத்தான் கிடைத்தது. அழுத்தினார். திரும்பினார்.

மகள் கண்ணை இடுக்கிக்கொண்டு அவரையே பார்த்தபடி நின்றிருந்தாள். ஒரு கையில் பச்சைக் கைக்குட்டை. அவளுடைய ஒற்றை ஜடை முதுகில் தொங்கவில்லை. பின்பக்கமாக, காற்றில், நேராக நீண்டிருந்தது. கயிறு போல. விறைப்பாக. நுனியில் நீல நாடா. நாடாவின் முடிச்சு தானாக அவிழ்ந்துகொண்டிருந்தது.

அவர் இறங்கினார். மனைவியை இடித்துக்கொண்டு இறங்கினார். மகளைத் தாண்டி, அவளுக்கு ஒரு படி கீழே போய், முதுகை அந்தப் பக்கம் கொடுத்து நின்றார். ஜடை பொத்தென்று அவள் முதுகில் விழுந்தது. அதில் நாடா இல்லை.

பிடரியில் குளிர் வந்து உட்கார்ந்தது. பழைய இடத்தில். இரண்டு விரல் அகலம்.

வா, என்றார் அவர், உதடு மட்டும் அசைய. இங்கேயே இரு.

"என்னங்க, என்ன ஆச்சு? திரும்பிட்டீங்களே..."

"திரும்பிட்டேன். நீ ஏறு."

மகள் திரும்பி அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். "தோத்துட்டியாப்பா?"

"இல்லடா. இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன்." அவள் கையிலிருந்து கைக்குட்டையை வாங்கிக்கொண்டார். "கார்டு வேலை என்னுது. பின்னாடி பாக்கறதும் என் வேலைதான். நீ இனிமே பாக்கவே வேண்டாம். நேரா பாத்து ஏறு, ஓடு!"

அவள் ஓடினாள். டக் டக் டக். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். சாவிக்காரர் அவர்களுக்குப் பின்னால் ஏறினார். அவருக்குப் பின்னால் சப், சப்.

ஐந்தாவது மாடி. ஆறாவது மாடிக்கான படிகள். மேலே சாவி திரும்புகிற சத்தம், கதவு திறக்கிற சத்தம்.

தொண்டையில் ஏதோ பட்டது. வழவழப்பாக. நீலம்.

நாடா முன்னாலிருந்து பின்னால் போனது. ஒரு சுற்று. பிடரியில் விரல்கள், பள்ளிக்கூடம் கிளம்பும் பெண்ணுக்குக் கட்டிவிடுவது போல, அவசரமில்லாமல். ஒரு வளையம். இன்னொரு வளையம். பிறகு இரண்டையும் பிடித்து இழுத்து இறுக்கின.

"அப்பா, கொடி!" என்று வாசலுக்குள் இருந்து கத்தினாள் மகள்.

சாவிக்காரர் நிமிர்ந்து, பச்சைக் கைக்குட்டையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார்.