குவாரிக் குகையில் ஒரு மீன்

சுண்டெலிக்கு ஒன்பது வயது. சந்து பொந்தெல்லாம் எட்டிப் பார்ப்பதால் அவளுக்கு மாமா வைத்த பெயர் அது. அவள் இதுவரை எட்டிப் பார்க்காத இடம் ஒன்றே ஒன்றுதான். அது மலையடிவாரத்துப் பழைய கல்குவாரி.

அம்மா அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டாள். எட்டு வருடத்துக்கு முன்பு அங்கே பாறை சரிந்துதான் அப்பா இறந்துபோனார். அன்றோடு குவாரியை மூடிவிட்டார்கள்.

மூடியது பெயருக்குத்தான். கல் வெட்டி வெட்டி உண்டான குகைக்குள் தேங்கிய ஆழத் தண்ணீரில் பிள்ளைகள் குதித்து விளையாட ஆரம்பித்தார்கள். வாசலைச் சுவர் வைத்து அடைக்கும்படி நகராட்சி சொல்லிவிட்டது. அந்த வேலை கொத்தனாரான மாமாவிடமே வந்து சேர்ந்தது. நாளைக் காலையில் வேலை ஆரம்பம்.

"அடைக்கறதுக்கு முன்னாடி அப்பாவோட குறியை ஒரே ஒரு தடவை பார்த்துடறேம்மா" என்று சுண்டெலி கெஞ்சினாள்.

அந்தக் குவாரியில் ஒவ்வொருவரும் தாங்கள் உடைக்கும் பாறைமேல் சிவப்புச் சாயத்தில் ஒரு குறி போடுவார்கள். அந்த இடத்தில் வேறு யாரும் உளி வைக்க மாட்டார்கள். அப்பாவின் குறி மீன். அப்பா கையால் வரைந்ததில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு, "செருப்பைப் போடு. நானும் வரேன்" என்றாள்.

மாமா டார்ச்சோடு தண்ணீர் ஓரமாக முன்னால் நடந்தார். குகைக்குள் சில்லென்று இருந்தது. கூரையைப் பிளந்துகொண்டு மரவேர்கள் தொங்கின. உளி பட்ட கோடுகளில் எல்லாம் பாசியும் செடியும் முளைத்திருந்தன. எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. அம்மா ஒவ்வொரு அடிக்கும் கூரையை அண்ணாந்து பார்த்தாள். சுண்டெலி அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அதோ!" என்றார் மாமா.

பாறையில் சிவப்பாக ஒரு மீன் வால் தெரிந்தது.

"தலை எங்க மாமா?"

தலை இருக்க வேண்டிய இடத்தில், கிண்ணம்போல ஒரு மண் கூடு ஒட்டியிருந்தது. அதிலிருந்து நான்கு குட்டி வாய்கள் 'ஆ' என்று திறந்தன. குருவிக் குஞ்சுகள்!

"இரு, பெயர்த்து அந்தப் பக்கம் வெச்சுடறேன்." மாமா இடுப்பிலிருந்த சுவர் பூசும் கரண்டியை எடுத்தார்.

சுண்டெலி அவர் கையைப் பிடித்தாள். "மண்ணு மாமா. நொறுங்கிடும்."

"சுவர் வந்துட்டா அப்புறம் பார்க்கவே முடியாதே கண்ணு."

சுண்டெலிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்போது வாயில் பூச்சியோடு தாய்க்குருவி பறந்து வந்தது. ஆட்களைப் பார்த்ததும் கூட்டுக்குப் போகாமல் அங்கேயே வட்டமிட்டது.

"நம்மளப் பார்த்துப் பயப்படுது. தள்ளி நிக்கலாம்மா" என்று அவள் அம்மாவைப் பின்னால் இழுத்தாள். குருவி கூட்டுக்குப் போய்க் குஞ்சுக்கு ஊட்டியது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வேறொரு கவலை வந்துவிட்டது.

"சுவர் வெச்சா இது எப்படி உள்ள வரும் மாமா?"

"வர முடியாது."

"அப்போ குஞ்சுங்க?"

மாமா கரண்டியைத் திரும்ப இடுப்பில் செருகினார்.

"இங்க இனிமே யாரும் சாக வேண்டாம் மாமா" என்றாள் சுண்டெலி. "சுவருக்குப் பதிலா ஜன்னலுக்குப் போடற மாதிரி கம்பி போடலாமே? பசங்க நுழைய முடியாது. குருவி நுழையும்."

மாமா வெளியே போய் நகராட்சி இன்ஜினியரிடம் ஃபோனில் பேசிவிட்டு வந்தார். "ஆள் உள்ள போகக் கூடாது, அவ்வளவுதானாம். கம்பியே போடச் சொல்லிட்டார். இத்தனை வருஷமாச் சுவர் வெக்கறேன், எனக்கு இது தோணலை பாரு!"

அம்மா இன்னும் அந்த வாலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீனுக்கு முன்னாடி ஒரு குட்டி மீனும் இருக்கு" என்றாள் மெல்ல. "நீ பிறந்த அன்னைக்கு வரைஞ்சாரு. வேலை நேரத்துல படம் வரையறியான்னு மேஸ்திரிகிட்ட திட்டு வேற வாங்கினாரு."

சொல்லும்போதே அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சுண்டெலி கூட்டைப் பார்த்தாள். குஞ்சுகள் அந்தக் குட்டி மீனின்மேல்தான் உட்கார்ந்திருந்தன.

"கம்பியில ஒரு சின்னக் கதவு வெக்கறேன். குஞ்சுங்க பறந்துபோனதும் திறந்து, காலிக் கூட்டை எடுத்துட்டுப் பார்த்துடலாம். சீக்கிரமே பறந்துடும்" என்றார் மாமா.

"மெதுவாவே பறக்கட்டும் மாமா" என்றாள் சுண்டெலி. "எங்க மீன் எங்க போயிடப் போகுது?"