படகுக்காரனுக்கு ஒரு குரல்

"பயப்படாதே மகளே... இந்த ஆறு என் பேச்சைக் கேட்கும்."

மழைக்கு ஒதுங்கி நின்ற எலோடிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சேன்-லோராங் தெருப் பேருந்து நிறுத்தம். மேலே கண்ணாடிக் கூரையில் அக்டோபர் மழை தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு முதுகு காட்டி நின்ற ஒருவன், சொட்டச் சொட்ட நனைந்தபடி, தெருவைப் பார்த்து அந்த வரியை மறுபடி சொன்னான். இன்னும் மெதுவாக... இன்னும் இதமாக...

அது அவள் எழுதிய வரி. இன்னும் வெளிவராத வீடியோ கேமில் வருவது. அதைப் படித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"ஹலோ, அந்த வரி உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் திரும்பினான். பாசி படிந்த கல்லில் வெயில் பட்ட மாதிரி பச்சைக் கண்கள். கூடவே கொஞ்சம் திருட்டு முழி.

"எந்த வரி? நான் தும்மினேன்."

"இவ்வளவு நீளமாவா தும்முவீங்க?"

"குளிர் அப்படி இருக்கு. ஆமா, நீங்க எதுக்குக் கேக்கறீங்க?"

அப்படி ஒரு கேம் உருவாகிறது என்பதையே வெளியில் சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் எலோடி.

"அதை... சொல்ல முடியாது."

"ரொம்ப நல்லது. என்னாலயும் சொல்ல முடியாது. வாங்க, மழையைப் பத்திப் பேசுவோம்."

"உங்ககூட எனக்கென்ன பேச்சு?"

"பேச்சை ஆரம்பிச்சது நீங்கதான் அம்மணி."

பேருந்து வந்தது. அவன் ஏறிக்கொண்டு, கதவு மூடும் நேரத்தில் ஒரு தரம் பொய்யாகத் தும்மிக் காட்டினான்.

திமிர்... என்று நினைத்தாள். ஆனால் அந்தக் குரல் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

மறுநாள் காலை ஒலிப்பதிவுக் கூடத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக்கின் முன்னால் அவன்தான் நின்றிருந்தான்.

"நம்ம புதுப் படகுக்காரன், பாஸ்தியன்," என்றார் இயக்குநர் ரெஜான். "நேத்து முதல் நாள். நீ லீவு."

பாஸ்தியன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். புருவம் உயர்ந்தது. ஒலிபெருக்கியில் அவன் குரல் வந்தது.

"ஓ... தும்மலை எழுதினவங்க நீங்கதானா?"

ரெஜானுக்கு ஒன்றும் புரியவில்லை. எலோடிக்குக் காது மடல் சூடேறியது.

கேமின் கதை இதுதான்: காணாமல் போன அண்ணனைத் தேடி ஆற்றுத் தீவுக்கு வருகிறாள் ஒரு பெண். அவளைத் துறைக்குத் துறை ஏற்றிப் போகிறவன் அன்செல்ம் என்ற படகுக்காரக் கிழவன். குளிருக்குக் கம்பளி போர்த்துவான். பட்டாணி சூப் ஊற்றிக் கொடுப்பான். கேம் ஆடுகிறவர்கள் அவனை அப்பா மாதிரி நம்பவேண்டும். கடைசித் துறையில்தான் தெரியவேண்டும்... தீவில் காணாமல் போன அத்தனை பேரையும் ஆற்றில் அமிழ்த்தியவன் அவன்தான் என்று.

அன்செல்முக்கு முதலில் குரல் கொடுத்த நடிகருக்கு இதைச் சொல்லிவிட்டார்கள். அவர் 'சூப் குடிம்மா' என்றாலே அதில் விஷம் கலந்திருப்பது போல ஒலித்தது. கேமைச் சோதித்துப் பார்க்க வந்தவர்கள் முதல் துறையிலேயே 'இவன்தான்டா' என்று சிரித்துவிட்டார்கள். மேலிடம் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தது. அடுத்த சோதனையிலும் தோற்றால், அன்செல்ம் வெறும் கிழவன். கன்னத்தில் வெட்டுத் தழும்போடு ஒரு தளபதியைக் கொண்டுவந்து வில்லனாக்கிவிடுவார்கள். எலோடியின் இரண்டு வருஷ உழைப்பு அந்தத் தழும்புக்குள் போய்விடும்.

அதனால் இந்தத் தடவை நடிகனுக்கு ஒன்றும் தெரியக்கூடாது. அவனுடைய வரிகளை மட்டும் முன்பின் மாற்றித் துண்டு துண்டாகக் கொடுப்பார்கள். மற்ற பாத்திரங்களின் வரிகளை எலோடி கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து படிப்பாள். இது தொழிலில் வழக்கம்தான். யாரும் தப்பாக நினைப்பதில்லை.

"மைக் அறைக்குள்ள நீ போகாதே," என்றார் ரெஜான். "உன் மூஞ்சி எல்லாத்தையும் சொல்லிடும்."

இரண்டாவது வாரம். பதிவு முடிந்து இருவரும் ஜான்-தலோன் சந்தை ஓரம் நடந்துகொண்டிருந்தார்கள். 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவருக்கும் நினைவில்லை. குடை ஒன்றுதான். அது யாருடையது என்பதும் மறந்துபோயிருந்தது.

"எலோடி, ஒண்ணு கேக்கட்டுமா? இந்த அன்செல்ம் நல்லவனா?"

அவள் நடை ஒரு கணம் தடுமாறியது.

"ஏன் அப்படிக் கேக்கற?"

"என் அப்பா சொரெல் ஊர்ல படகுதான் ஓட்டினார். யார் ஏறினாலும் முதல் கேள்வி, 'திரும்ப எப்போ?' அது தெரிஞ்சாத்தானே மறுபடி வந்து ஏத்த முடியும். இந்தக் கிழவன் கம்பளி கொடுக்கறான், சூப் கொடுக்கறான்... ஆனா ஒருத்தரைக்கூட திரும்ப எப்போன்னு கேக்கல."

எலோடியின் நெஞ்சு படபடத்தது.

அதுதான். அவள் ஒளித்து வைத்த தடயமே அதுதான். கெட்டவனைக் கறுப்புக் கோட்டாலோ முனகும் இசையாலோ காட்டாமல், அவன் கேட்கத் தவறிய ஒரு கேள்வியால் காட்டுவது. கடைசியில் உண்மை தெரிந்ததும், 'அடடா, ஆரம்பத்திலிருந்தே கண் முன்னாடி இருந்ததே' என்று கேம் ஆடுகிறவர்கள் நெற்றியில் அடித்துக்கொள்ள வேண்டும். அலுவலகத்தில் ஒருவர்கூட அதைக் கவனித்துச் சொன்னதில்லை. இவன்... நனைந்த தோளோடு பக்கத்தில் நடக்கிற இவன்... கண்டுபிடித்துவிட்டான்.

கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"அதுவா?" என்றாள். "எனக்குத் தோணவே இல்ல. மறந்துட்டேன்."

"அப்ப நல்லவன்தானா?"

"ரொம்ப நல்லவன். அவனுக்கு... ஒரு மகள் இருந்தா. சின்ன வயசுலயே போயிட்டா. அதான் எல்லாரையும் மகளேன்னு கூப்பிடறான்."

எவ்வளவு சரளமாக வருகிறது பொய்... கதை எழுதுகிற கைக்கு அது ஒரு வியாதி.

பாஸ்தியன் குடையைக் கை மாற்றிக்கொண்டான்.

"அப்பாவுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்துது," என்றான். "பேச்சு போயிடுச்சு. அவர் குரலை யாரும் பதிவு பண்ணி வைக்கல. தினமும் கூடவே இருக்கற குரலை யாரு பதிவு பண்ணுவாங்க... அன்செல்ம் நல்லவன்னா, அப்பா குரலை அவனுக்குக் கொடுத்துடறேன். எங்கயாவது ஒரு இடத்துல அது இருக்கட்டும்."

எலோடியின் மனசு சொன்னது: சொல்லிவிடு... இப்பவே சொல்லிவிடு...

சொல்லவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கிழவனுக்கு உயிர் வந்துவிட்டது. வார்த்தைக்கு நடுவே ஒரு சின்ன இருமல். 'மகளே' என்பதில் ஒரு இழுவை. ஒலிப்பதிவாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எலோடி ரெஜானிடம் போய் நின்றாள்.

"அவன்கிட்ட சொல்லிடலாம். அது அவன் அப்பா குரல். தெரியாம பண்றான்."

"கடைசிக் காட்சி வரைக்கும் பொறும்மா," என்றார் ரெஜான். "இவ்வளவு நிஜமா ஒரு கிழவனை நான் கேட்டதே இல்ல. இப்ப சொன்னா, அடுத்த வரியிலேயே அது செத்துடும். உனக்கு உன் வில்லன் வேணுமா, வேண்டாமா?"

வேண்டும். அதுதான் அவளுடைய பலவீனம்.

கடைசிக் காட்சியின் பக்கங்களை மைக்கின் முன்னால்தான் பாஸ்தியனிடம் கொடுத்தார்கள். அவன் படித்தான். ஒரு பக்கம்... அடுத்த பக்கம்... அவன் முகத்தில் ரெஜான் எதிர்பார்த்த அதிர்ச்சி வரவில்லை. ஒரு விளக்கு அணைந்தது போலிருந்தது, அவ்வளவுதான்.

தலையை நிமிர்த்தி, கண்ணாடி வழியாக எலோடியை மட்டும் பார்த்தான்.

"அந்த மகள்?"

அவள் மைக் அறைக்குள் பேசும் பொத்தானை அழுத்தினாள்.

"மகள் கிடையாது. நான் அப்ப... சும்மா சொன்னது."

"நான் கேட்டேன் எலோடி. நேரா உன் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டேன்."

"தெரியும்."

"ஊருக்கெல்லாம் மறைக்கறது உன் வேலை. சரி. என் அப்பாவைப் பத்திச் சொன்ன பிறகும் வாய் திறக்கலியே. குடைக்குள்ள சிரிச்சதெல்லாம் நிஜமா, இல்ல அதுவும் எழுதி வச்சதா?"

அவன் பக்கங்களை மைக் தாங்கியின் மேல் வைத்தான். கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கோபமாகக் கதவைச் சாத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஓசையில்லாமல் மூடிக்கொள்கிற கதவு அது.

எலோடி அன்று மதியமே மறுபடி ரெஜானிடம் போனாள்.

"வில்லனை மாத்திடலாம். தழும்பு, தளபதி, என்ன வேணுமோ எழுதித் தரேன். அன்செல்ம் நல்லவனாவே இருக்கட்டும்."

"உனக்குப் பைத்தியமா? ரெண்டு வருஷம்..."

"அது ஒருத்தரோட அப்பா குரல், ரெஜான். அவர் வீட்டுக்குள்ள இருந்து நான் எடுத்துட்டு வந்தது. கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு வேற."

ரெஜான் பெருமூச்சு விட்டு, "எழுது," என்றார்.

அவள் எழுதினாள். தழும்பு வைத்த தளபதி முதல் வரியிலேயே பல்லைக் கடித்தான். படிக்கப் படிக்க அவளுக்கே அழுகையாக வந்தது. ஆனாலும் எழுதினாள். பாஸ்தியனுக்கு அனுப்பியும் வைத்தாள். 'உன் அப்பா இனிமேல் யாரையும் அமிழ்த்தமாட்டார். மன்னிச்சுக்கோ' என்று கூடவே ஒரு வரி.

பதில் இல்லை. போன் திரை ஒளிரும்போதெல்லாம் நெஞ்சு துள்ளியது. எல்லாம் யார் யாரோ...

அந்த வாரக் கடைசியில், சொல்லாமல் கொள்ளாமல் கூடத்துக்கு வந்து நின்றான் பாஸ்தியன். நேராக மைக்கின் முன்னால் போனான்.

"தளபதி படு மோசம்," என்று ஒலிபெருக்கியில் சொன்னான். "இதையெல்லாம் நீ எழுதினதா வெளியில சொல்லாதே."

அவன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பாகிட்ட முழுக் கதையையும் சொன்னேன். 'உங்க குரல்ல ஒரு கொலைகாரன், வேண்டாம்னா நிறுத்திடலாம்'னு. சிரிச்சார் எலோடி. பாதி முகம்தான் அசையும், அந்தப் பாதியால விழுந்து விழுந்து சிரிச்சார். காலமெல்லாம் ஊரே நல்ல மனுஷன், நல்ல மனுஷன்னு சொல்லிச் சொல்லி அவருக்குச் சலிச்சுப் போச்சாம். சிலேட்ல எழுதிக் காட்டினார், 'எத்தனை பேரைக் கொன்னேன்?'னு."

ரெஜான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பாஸ்தியன் சிரிக்கவில்லை.

"அவர் மன்னிச்சுட்டார். நான் இன்னும் இல்ல. காட்சியை முடிச்சுக் கொடுத்துட்டுப் போயிடறேன். படி."

எலோடி கையிலிருந்த பக்கங்களைப் பார்த்தாள். எழுத்துகள் கலங்கின. எழுந்தாள். 'போகாதே' என்று ரெஜான் சொல்வதற்குள் அந்தக் கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த அறையில் எதிரொலி கிடையாது. சொன்ன சொல் சொன்ன இடத்திலேயே நின்றுவிடும். பொய்க்கு ஒளிந்துகொள்ள ஒரு மூலைகூட இல்லை.

"நீ அன்னிக்குச் சந்தை ஓரமா கேட்டியே, அதை நான் மறக்கல. வேணும்னே வச்சதுதான். எத்தனையோ பேர் படிச்சாங்க, யாரும் பாக்கல. நீ பாத்தே. எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஆனா ஒத்துக்கிட்டா வில்லன் போயிடுவானேன்னு... என் புத்திசாலித்தனம்தான் எனக்குப் பெருசாப் போச்சு. அது அசிங்கம். குடைக்குள்ள சிரிச்சது எதுவும் எழுதி வச்சதில்ல. எழுதினா எனக்கு அவ்வளவு நல்லா வராது."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேற ஏதாவது மறைச்சிருக்கியா?"

"ஒண்ணு பாக்கி இருக்கு."

"சொல்லிடு. வந்ததுதான் வந்தே."

"உன்மேல ஆசையா இருக்கேன், பாஸ்தியன். முதல் நாள்லேருந்தே. நீ போனப்புறம் அலுவலகத்துல உட்கார்ந்து, வேலைன்னு சொல்லிக்கிட்டு, உன் பதிவையெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டுட்டு இருந்தேன். கேக்கறது கொலைகாரனைன்னு தெரிஞ்சும்."

பச்சைக் கண்களில் ஏதோ இளகியது...

"இதை மறைச்சேன்னு வேற நினைச்சுக்கிட்டியா?" என்றான். "ஒரே குடையில நடந்தவனுக்கு உன் இதயம் அடிச்சுக்கறது கேக்காதா? எனக்கும் அதே நோய்தான். அதனாலதான் அவ்வளவு வலிச்சுது."

"இப்பவும் வலிக்குதா?"

"கொஞ்சம். போகப் போகச் சரியாகும். நீ இனிமே என்கிட்ட கதை விடாம இருந்தா."

"வீட்ல விடமாட்டேன்."

"வீடு வரைக்கும் போயாச்சா?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒலிபெருக்கி செருமியது.

"மைக் ஓடிக்கிட்டிருக்குப்பா," என்றார் ரெஜான். "நான் எதையும் கேக்கல. ஒலிப்பதிவாளர்தான் கேட்டார்."

எலோடி வெளியே போகத் திரும்பினாள். பாஸ்தியன் விடவில்லை.

"இங்கயே நின்னு படி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேண்டாம்."

அவள் அவன் பக்கத்தில் நின்று, அண்ணனை இழந்த பெண்ணின் வரியைப் படித்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பாஸ்தியன் மூச்சை உள்ளிழுத்தான். அந்தக் கிழவன் வந்தான்... அதே சின்ன இருமல், அதே இழுவை. எத்தனை பேரை ஆறு விழுங்கியது என்று கனிவு குறையாமல் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினான். கண்ணாடிக்கு அப்பால் ரெஜானின் முகம் வெளிறிப்போனது. எலோடிக்கே முதுகுத்தண்டு சில்லிட்டது.

ஆனால் மைக்குக்குக் கீழே, அவள் விரல்களோடு கோத்துக்கொண்டிருந்த அவன் கை மட்டும், காட்சி முடிகிற வரைக்கும் கதகதப்பாகவே இருந்தது.