வெட்டுத்தாளில் வந்த கடிதம்

போர்முனையிலிருந்து பதினோரு வாரம் கழித்து வந்த கடிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கணவனின் சாய்ந்த கையெழுத்து, ராணுவத் தபால் முத்திரை, வழக்கமான நல விசாரிப்பு. ஒரே ஒரு வரிதான் இடித்தது: 'இடது கை ஆறிவிட்டது, நேற்றுதான் கட்டைப் பிரித்தார்கள்.'

அவனுக்குக் கையில் அடிபட்டதாக எந்தச் செய்தியும் வரவில்லை. அது மாமியாருக்காக இவள் கட்டிவிட்ட கதை.

கடிதங்கள் நின்றதிலிருந்து மாமியார் சரியாகச் சாப்பிடுவதில்லை. கண்புரை முற்றிப்போய், எதிரில் நிற்பது ஆளா தூணா என்றே தெரியாது அவளுக்கு. ஆனால் தெருவில் சைக்கிள் மணி கேட்டால் போதும், "வந்துச்சாம்மா?" என்பாள். "வரல அத்தை" என்று சொல்லிச் சொல்லி இவளுக்கு வாய் கூசிப்போயிற்று. ஒருநாள், தான் பைண்டிங் வேலை பார்க்கும் அச்சகத்திலிருந்து, தாள் வெட்டியதில் மிஞ்சிய வெட்டுத்தாள் ஒன்றை எடுத்துவந்து, தானே எழுதி, தானே வாசித்தாள். அவன் இடதுகைப் பழக்கக்காரன். அந்தக் கையில் காயம் என்றால் தாமதத்துக்கு ஒரு சாக்கு ஆயிற்று. மாமியார் எதையும் சொல்லுக்குச் சொல் நினைவு வைத்திருப்பவள் என்பதால், மறுபடி கேட்டால் மாறாமல் வாசிக்க, எழுதியதைப் பெட்டியில் பூட்டி வைத்தாள். தபாலில் சேர்க்கவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை.

உயிரோடு இருக்கிறான், அது போதாதா என்று மனத்தைத் தேற்றிப் பார்த்தாள். மனம் அடங்கவில்லை. பசையை ஓரம் தாண்டித் தடவினாள். அச்சாகி மடித்த ஃபாரங்களைப் பக்க வரிசை மாற்றி அடுக்கி மேஸ்திரியிடம் திட்டு வாங்கினாள். சந்தேகம் தீரட்டும் என்று தன் அடுத்த பொய்க்கடிதத்தில் அவனுக்கு ஒரு சிநேகிதனைப் படைத்தாள். நெட்டையன், பட்டப்பெயர் ஒட்டடைக்கொம்பு, தூக்கத்தில் பாடுவான். மாமியார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

நான்காம் நாள் தபால் வந்தது. 'ஒட்டடைக்கொம்பு அம்மாவை விசாரித்தான். இப்போதெல்லாம் பாடுவதில்லை.'

தாளை முகத்தருகே கொண்டுபோனாள். அவன் கடிதங்களில் எப்போதும் பீடிப்புகையும் வியர்வையும் கலந்து வீசும். இதில் மைதா பசையின் புளிப்பு. மறுநாள் அதை அச்சகத்துக்கு எடுத்துப்போய், மேசைக்கடியில் கிடந்த வெட்டுத்தாள் கட்டோடு சேர்த்து வைத்தாள். நான்கு ஓரமும் இம்மி பிசகாமல் பொருந்தின.

அதோடு எழுதுவதை விட்டாள். வந்தவற்றையும் பிரிக்கவில்லை. மாமியார் தட்டை ஒதுக்கினாள். மூன்று நாள் வெறும் தண்ணீர்.

"எப்ப வர்றான்னு ஒரு வார்த்தை எழுதலையாம்மா?"

குரல் உடைந்திருந்தது. இவளுக்குத் தாங்கவில்லை.

"எழுதியிருக்கார் அத்தை. லீவு கிடைச்சிருச்சாம். வியாழக்கிழமை வர்றாராம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நப்பாசை. கை ஆறியதே, சிநேகிதன் வந்தானே. இதுவும் நடந்துவிட்டால்?

வியாழக்கிழமை நண்பகலில் அச்சகத்து வாசலில் ஒரு ஜீப் நின்றது. சீருடையில் இரண்டு பேர். பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் செய்தியைச் சொன்னார்.

"அவர் போய்ப் பதினாலு வாரம் ஆச்சும்மா. குண்டு விழுந்த இடத்துல ஒண்ணும் மிஞ்சல. உறுதிப்படுத்தத் தாமதமாயிடுச்சு."

"கடிதம் வந்துச்சே சார். போன வாரம்கூட."

அவர் உடனிருந்தவனைப் பார்த்தார். "யார்கிட்டேருந்தும்மா?"

இன்று வியாழக்கிழமை. வீட்டில் மாமியார் தனியாக.

ஓடினாள். தலைக்கு மேல் வெயில். தெரு முழுக்கக் கதவுகள் சாத்தியிருந்தன. ஒரு நாய்கூட இல்லை. அவள் வீட்டுக் கதவு மட்டும் திறந்திருந்தது. உள்ளே, பல நாட்களுக்குப் பிறகு, மாமியாரின் சிரிப்பு.

பசை வாசனை வாசல்வரை வந்தது.

கூடத்தில் நாற்காலி. அதில் பட்டாளத்து உடுப்பு. அவனுடைய அதே தோள். முதுகு இவள் பக்கம். எதிரே முக்காலியில் மாமியார், இரண்டு கைகளையும் நீட்டி அவன் முகத்தைப் பிடித்திருந்தாள்.

"வந்துட்டியா? காலையிலேருந்து உக்காந்திருக்கான், வாயே திறக்கல. அலுப்பு போல."

இவள் வாசற்படியிலேயே நின்றாள்.

"அத்தை. கையை எடுங்க."

"எம் புள்ளைடி. தடவிப் பாக்கக் கூடாதா?"

நாற்காலி கிரீச்சிட்டது. அதில் இருந்தது மெல்லத் திரும்பியது. மாமியாரின் கைகளும் கூடவே திரும்பின. விரல்கள் நெற்றியில் தொடங்கிக் கீழே இறங்கின. கண், மூக்கு, உதடு, எதிலும் தடுக்கவில்லை. தாடைவரை வழவழவென்று வந்து, மறுபடி மேலே போய், மறுபடி இறங்கின. மாமியார் முகத்தில் சிரிப்பு இன்னும் அப்படியே இருந்தது.