இரட்டைக் கதவுக் கூண்டு

காலையில் எழுந்ததும் அவன் செய்கிற வேலைகள் எப்போதும் ஒரே வரிசையில்தான் நடக்கும். அடுப்பில் வெந்நீர் வைப்பான். பல் துலக்குவான். வெள்ளரிக்காயைச் சின்னச் சின்ன வில்லைகளாக நறுக்குவான். பின்பக்க வராந்தாவில் தொங்கும் கூண்டின் மேலிருந்து துணியை எடுப்பான். லவ் பேர்ட்ஸ் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கத்தத் தொடங்கும். அவற்றின் நடுவே கொண்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் சாம்பல் நிறக் காக்கட்டீல் கிளி விசில் அடிக்கும். அந்த மிடுக்கைப் பார்த்து அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தது அவன் மனைவி. விசிலைச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். இரண்டு நீளம், ஒன்று குட்டை. படுக்கையில் இருந்தபடியே அவளும் பதிலுக்கு விசில் அடிப்பாள். பிறகுதான் எழுந்திருப்பாள்.

அன்றும் மேனேஜர் விசில் அடித்தது. பதில் வந்தது. வெள்ளரி வில்லையைக் கம்பியில் செருகிக்கொண்டிருந்தவனுக்கு, குளியலறையில் அவள் மேல் தண்ணீர் விழும் சத்தம் அதற்கு முன்பிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது.

பதில் தோட்டத்திலிருந்து வந்திருந்தது. புதிதாகக் கட்டிய பெரிய கூண்டிலிருந்து. அதில் இன்னும் ஒரு பறவைகூட விடவில்லை.

பெரிய கூண்டு அவள் ஆசை. கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது அவன் பிழைப்பு. ஊரான் வீட்டுக்கெல்லாம் வரைகிறாய், என் பிள்ளைகளுக்கு ஒரு வீடு வரையக் கூடாதா என்று அவள் நச்சரித்து நச்சரித்து வாங்கிய வரைபடம் அது. நிழல் விழும் பக்கம், மழைச் சாரல் அடிக்கும் பக்கம் எல்லாம் பார்த்து வரைந்தான். சட்டம் அடிக்க வந்த வெல்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேங்க் லாக்கருக்கே இவ்ளோ பாக்க மாட்டாங்க, தம்பி" என்றார்.

அவர் கேலி செய்தது கதவுகளை. வாசலில் ஒரே ஒரு ஆள் நிற்கும் அளவுக்குச் சின்ன அறை. அதற்கு வெளிக்கதவு ஒன்று, கூண்டுக்குள் போக உள்கதவு ஒன்று. வெளிக்கதவை மூடித் தாழிட்ட பிறகுதான் உள்கதவைத் திறக்க வேண்டும். ஒரு பறவை கையை மீறிப் பறந்தாலும் அந்த அறையோடு நின்றுவிடும். "ஒண்ண மூடிட்டு ஒண்ணு" என்று அவள் இருவரையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி சொல்லச் சொன்னாள். சொன்னார்கள்.

எலியோ கீரியோ வெளியிலிருந்து தோண்டிக்கொண்டு வராதபடி நான்கு பக்கமும் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டிக் கம்பி வலையைப் புதைத்தார்கள். தரைக்கு சிமெண்ட் போட்டுவிடலாம் என்றான் அவன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "மண்ணக் கிளறிக்கிட்டு திரியட்டும். அதுங்க என்ன, பார்க்கிங்ல நிக்கிற காரா?"

அதனால் தரை மண்ணாகவே இருந்தது. பறவைகள் உட்கார நடுவில் ஒரு காய்ந்த மரக்கிளையை நட்டார்கள். அதற்குக் குழி போடும்போது வெல்டரின் கடப்பாரை எந்தத் தடையும் இல்லாமல் பிடிவரை இறங்கியது. வெளியே இழுத்ததும் துளையிலிருந்து காற்று வந்தது. வெதுவெதுப்பாக, தூங்குகிறவர் வாயருகே கன்னத்தை வைத்தால் படுமே, அப்படி. பழைய செப்டிக் டேங்காக இருக்கும் என்று சொல்லி, வெல்டர் உடைந்த செங்கற்களைப் போட்டுத் துளையை நிரப்பிவிட்டுக் கிளையை நட்டார்.

இப்போது அவன் போய்ப் பார்த்தபோது அந்தச் செங்கல் துண்டுகள் மண்ணுக்கு மேலே கிடந்தன. ஒன்றிலும் மண் ஒட்டியிருக்கவில்லை. நக்கித் துடைத்தது போலச் சுத்தமாக, ஈரமாக இருந்தன. அவன் அவற்றைக் காலால் ஓரமாகத் தள்ளினான். தலையைத் துவட்டிக்கொண்டு வந்த மனைவி, மேனேஜர் இன்று இரண்டு தடவை விசில் அடித்தாரே, சம்பள உயர்வு கேட்கிறாரா என்று விசாரித்தாள். அவன் சிரித்து வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பறவைகளை உள்ளே விட்டார்கள். சாயங்காலம் வரை அவள் கூண்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பச்சையும் மஞ்சளும் நீலமுமாக அவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறந்தன. சிறகடிப்பில் புது இரும்பின் வாசனையும் ஈர மண்ணின் வாசனையும் கலந்து வந்தன. அடியில் மெல்லியதாக இன்னொரு வாசனை. அவள் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து திரும்பும் நாட்களில் அவள் உடுப்பில் வரும் வாசனை. விடுமுறை நாளில் அது எப்படி என்று அவன் யோசித்தான். 

மறுநாள் காலை மேனேஜர் விசில் அடிக்கவில்லை.

மேல் வலையில் பறவைகள் தலைகீழாகத் தொற்றிக்கொண்டிருந்தன. ஒரு சத்தமில்லை. கீழ்க்கிளையில் லவ் பேர்ட்ஸின் கால்கள் மட்டும் இருந்தன. ஜோடி ஜோடியாக, விரல்களை மடித்துக் கிளையை இறுக்கிப் பிடித்தபடி. தூக்கத்தில் பறவை எப்படிப் பிடித்திருக்குமோ அப்படி. அதற்கு மேலே ஒன்றும் இல்லை.

மனைவி அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். பிடி விடவில்லை, விரல் விரலாக நெம்ப வேண்டியிருந்தது.   பக்கத்து வீட்டுப் பூனைதான் என்றாள். அவன் வலையைச் சுற்றிவந்து பார்த்தான். எங்கும் ஓட்டை இல்லை. தரையை ஒட்டிய ஒரு இடத்தில் மட்டும் வலை புடைத்திருந்தது. வெளிப்பக்கமாக. உள்ளேயிருந்து யாரோ தோளால் முட்டிப் பார்த்தது போல.

மதியம் பூனையின் கழுத்துப்பட்டை கூண்டின் நடு மண்ணில் கிடந்தது. கொக்கி கழலவில்லை. பட்டைக்குள் ஒரு வளையம் அளவுக்குத் தோலும் மயிரும் மிச்சமிருந்தன. சற்று நேரத்தில் பூனை கத்தியது. கிளைக்கு அடியில், மண்ணுக்குள்ளிருந்து. பிறகு வெல்டரின் அறுப்பு மெஷின் இரும்பைத் தொடும் கிரீச்சொலி, தாழ்ந்த குரலில், யாரோ தனக்குத்தானே முணுமுணுப்பது போல.

இருவரும் உள்ளே போய் மிச்சப் பறவைகளைப் பிடித்துச் சின்னக் கூண்டுக்கு மாற்றினார்கள். மேனேஜர் மட்டும் அகப்படவில்லை. உச்சி மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

பொழுது சாயும் நேரத்தில் வெல்டர் வலைச் சுருளோடு வந்தார். தரை முழுக்க வலையை விரித்து முளை அடித்துவிடுகிறேன், எந்தக் கொம்பனும் வர முடியாது என்றார். அவர் மண்டியிட்டு வலையைப் பிரித்தார். அவன் சுருளைப் பிடித்திருந்தான். அவள் உள்கதவருகே டார்ச்சோடு நின்றாள். "பூனை எங்கயோ கத்துதே" என்று வெல்டர் குனிந்து, சாய்ந்துவிடாமல் ஒரு கையைத் தரையில் ஊன்றினார்.

கை மண்ணுக்குள் போனது.

அவர் முதலில் சிரித்தார். "தம்பி, யாரோ கை குடுக்குறாங்க."

முழங்கை போனது. தோள் போனது. கன்னம் மண்ணோடு அழுந்தியது. சிரிப்பு போன இடத்தில் அவர் வாய் திறந்தே இருந்தது. மண் அதற்குள் போனது. இருவரும் அவர் கால்களைப் பிடித்து இழுத்தார்கள். ஈரத் துணியைப் பிழியும் சத்தம் ஒன்று கேட்டது. பிறகு எலும்பின் சத்தம். பிறகு அவர் எளிதாக வந்துவிட்டார், இழுத்த வேகத்தில் மூவரும் மல்லாந்து விழும்படி. சட்டைக் கையில் கை இல்லை.

அவள் அவர் மார்பில் முழங்காலை ஊன்றித் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினாள். ஆம்புலன்ஸில் அவளே கூடப் போனாள். அவனிடம் போலீஸ்காரர் ஒருவர் என்னென்னவோ கேட்டார், வெளிச்சம் வந்ததும் ஆட்களோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவன் கூண்டைப் பார்த்தபடி நின்றான். அவள் திரும்பியபோது வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. உடுப்பெல்லாம் காய்ந்த ரத்தம். அவன் எதுவும் கேட்பதற்குள் கூண்டுக்குள்ளிருந்து வெல்டர் பேசினார்.

"தம்பி, யாரோ கை குடுக்குறாங்க." அதே சிரிப்போடு.

"அண்ணன் செத்துட்டார்டா" என்றாள் அவள். "நான் பக்கத்துலதான் இருந்தேன்."

அப்போது மேலேயிருந்து விசில் கேட்டது. இரண்டு நீளம், ஒன்று குட்டை. இது மண்ணிலிருந்து வரவில்லை. உச்சி மூலையில் மேனேஜர் இருந்தது. கொண்டை படிந்து, இறகு சிலிர்த்து, உயிரோடு. அவன் வேண்டாம் என்றான். விட்டுவிடு, வலையை மேலேயிருந்து அறுத்துக்கொள்ளலாம் என்றான். இன்னொரு முறை இருட்டினால் அது இருக்காது என்றாள். "எல்லாரையும் குடுத்தாச்சு. இவரையாவது குடுக்காம இருப்போம்."

மண்ணில் கால் வைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். உள்கதவின் நிலையிலிருந்து கிளைவரை ஒரு நீளப் பலகையைப் போட்டாள். அவன் சின்ன அறைக்குள் நின்று பலகையின் முனையை மிதித்துக்கொண்டான். ஓட வேண்டி வந்தால் ஓட வசதியாக வெளிக்கதவை மூடாமல் விட்டான். அவள் திரும்பி அதைப் பார்த்தாள். பலகையில் கால் வைத்தாள்.

பலகை ஆடவில்லை. அவள் விசில் அடித்ததும் மேனேஜர் கிளைக்கு இறங்கி வந்தது, எட்டிப் பிடித்தாள். மேனேஜரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். முகத்தில் சிரிப்பு.

மண் தாழ்ந்தது.

சத்தமே இல்லை. பலகையின் நடு இறங்கியது. அவன் மிதித்திருந்த முனை மேலே எழும்பி அவனை வலைமேல் தள்ளியது. அவள் முழங்கால் வரை. இடுப்பு வரை. அவள் உதட்டைக் கடித்தாள், உதடு கிழிந்தது. கீழே எதுவோ அவளைத் திருப்பியது, திருகாணியைத் திருப்புவது போல. இடுப்புக்கு மேலே அவள் அவனைப் பார்த்திருந்தாள். கீழே எந்தப் பக்கம் பார்த்திருந்தாளோ. கையை உதறிப் பறவையை வீசினாள். அது அவன் காதை உரசிக்கொண்டு, திறந்திருந்த இரண்டு கதவுகளையும் தாண்டி, வெளியே, வானத்துக்கு.

மண் அதைப் பார்த்தது. அப்படித்தான் அவனுக்குப் பட்டது. அவளைச் சுற்றியிருந்த மண் மேடிட்டு, திறந்த கதவை நோக்கி நகர்ந்தது. அவன் கால்களை நோக்கி.

அவள் ஒன்று சொன்னாள். அவன் அதன்படி செய்தான்.

ஆட்கள் வந்தார்கள். ஓர் ஆள் ஆழத்துக்குத் தோண்டினார்கள். ஈர மண். முழுப் பலகை. வேறொன்றுமில்லை. மண்ணைத் திரும்பத் தள்ளி மூடினார்கள். மிச்சப் பறவைகளை அவன் அக்கா எடுத்துக்கொண்டு போனாள். நீயும் கிளம்பி வந்துவிடு, அந்தச் சனியனைப் பிரித்துப் போடு என்று தினமும் போனில் அழுகிறாள். சரி என்கிறான். பிரிக்கவில்லை. பிரித்தால் அது போய்விடும். குரலும் போய்விடும்.

காலையில் எழுகிறான். வெந்நீர் வைக்கிறான். பல் துலக்குகிறான். வெள்ளரிக்காய் நறுக்குகிறான். தோட்டத்திலிருந்து விசில் வருகிறது. வெந்நீர் வெச்சியாடா என்று அவள் கேட்கிறாள். மேனேஜர் சாப்பிட்டாரா என்கிறாள். குளிருது என்கிறாள். சில நேரம் நடுவில் ஒரு பூனை. சில நேரம் வெல்டரின் சிரிப்பு. பிறகு மறுபடியும் அவள். கதவத் தொற. ஒருவாட்டி தொற. நான்தான்டா.

இன்று சுயநினைவு வந்தபோது அவன் சின்ன அறைக்குள் நின்றிருந்தான். பழக்கத்தில் வெளிக்கதவை மூடித் தாழிட்டிருந்தான். அவன் கை உள்கதவின் தாழ்ப்பாளில். பாதி இழுத்திருந்தது.

வலைக்கு அந்தப்பக்கம் மண் எழுந்து நின்றது. அவன் உயரத்துக்கு.

அந்த வலையின் கண்ணியில் விரல் நுழையாது. நுழைந்தது. தோல் சுருண்டு உரிய, சதை கம்பியில் வழிய, ஐந்து விரல்கள். அவன் கைமேல் படிந்தன. வெதுவெதுப்பாக. ஒன்று தடித்தது, வெல்டிங் பொறி பட்ட தழும்போடு. ஒன்றின் நுனியில் பூனையின் வளைந்த நகம். ஒன்றில் லவ் பேர்டின் கால் முளைத்து மடங்கி மடங்கி விரிந்தது. ஒன்று மெலிந்தது. அதில் அவன் அவளுக்குப் போட்ட மோதிரம்.

எல்லாம் ஒரே கையில்.

அந்தக் கை தாழ்ப்பாளை இழுத்தது. அவன் கையும் சேர்ந்து இழுத்தது.

தொற, என்றது அவள் குரல். தொறடா.

அவள் இந்த வீட்டில் பேசிய அத்தனையையும் அது பேசிவிட்டது. ஒன்றைத் தவிர. மண்ணில் மார்புவரை இறங்கி, கிழிந்த உதட்டோடு, பறவை தப்பிவிடப் போகிறதே என்று தினமும் சொல்கிற அதே குரலில், அவள் உண்மையில் கடைசியாகச் சொன்னது:

"நீ வெளிய நின்னு மூடு."